காப்பு அவிழாத ஊர்

கௌரியம்மாளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதனால் அவளுடைய பகல் பொழுது இரண்டே விதம்: இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்து, இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்து. சுவர்ப் பக்கம் கிடக்கும்போது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். காபியில் சூடில்லை என்பாள், சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துபோச்சு என்பாள். கம்ப்யூட்டர்ப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், கிழவிக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ, "இன்னா, இன்னும் போடல?" என்று மருமகளை அதட்ட ஆரம்பித்துவிடுவாள்.

மருமகள் சுஜாதாவுக்கு முப்பத்தாறு வயது. மணவூரில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் ஹேமநாதன் விடியற்காலை ரயிலைப் பிடித்து அம்பத்தூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வருவான். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேச வேண்டியதையெல்லாம் பேசி ஓய்ந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு முன் ஆடிக் கிருத்திகையன்று, தெருவில் காவடி வருகிறதென்று மாமியார் அவசரமாக எழுந்தோடி, வாசல்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சர்க்கரையும் இருக்கிறது, இதயமும் சரியில்லை, இந்த வயசில் கத்தி வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கட்டிலில் படுத்தவள்தான் கௌரியம்மாள். அன்றைக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவள்தான் சுஜாதா.

நின்றவள் என்றால் நின்றவளேதான். கட்டில் சட்டத்தில் எவர்சில்வர் டம்ளரால் ஒரு தட்டுத் தட்டினால், மருமகள் கிணற்றடியில் இருந்தாலும் ஓடி வர வேண்டும். கடைக்குப் போவதென்றால் எதிர்வீட்டுச் சின்னம்மாள் வந்து உட்கார வேண்டும். சின்னம்மாள் நல்லவள்தான், ஆனால் அரை மணிக்கு மேல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. தங்கையின் புதுமனை புகுவிழாவுக்கு மணவூர் போன சுஜாதா மூன்று மணி நேரத்தில் திரும்பிவிட்டாள், பந்தியில் உட்காராமல், இலைச்சோற்றைப் பொட்டலமாகக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு. சமையலறை ஜன்னலில் நின்றால் மலை தெரியும், படியேறுகிறவர்கள் எறும்பு வரிசையாகத் தெரிவார்கள். ஆந்திராவிலிருந்தெல்லாம் மொட்டை போட வருகிறார்கள். அடிவாரத்தில் குடியிருக்கிற இவள் நாலு வருஷமாக ஒரு படி ஏறியதில்லை. என்ன பிழைப்போ!

அந்த வீட்டில்தான், கட்டிலுக்கு எதிரே ஒரு மேசையில், அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. கொழுந்தன் விஷ்ணு வேலை கிடைத்து ஓசூர் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அதில் ஒரு ஆட்டம் இருந்தது. அதற்கு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு, இந்த வீட்டில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. மாமியாரும் மருமகளும் 'ஊரு' என்பார்கள், அவ்வளவுதான்.

"நான் இருபத்தாறு நாள்ல முடிச்சிட்டேன் அண்ணி," என்றான் விஷ்ணு, போகிற அன்றைக்கு. "உங்களுக்குப் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு வெச்சிருக்கேன். இந்த நாலு எழுத்துதான் காலு, மவுஸ்தான் கண்ணு. சும்மா நடந்துகினு இருங்க."

அவன் உருவாக்கி வைத்திருந்த ஆள் ஒரு தாடிக்காரன். முதுகில் இரண்டு கோடாலி, முழங்கால் வரை தோல் பூட்ஸ். சுஜாதா முதல் நாள் அந்தத் தாடிக்காரனை ஒரு கோட்டைக் கதவு வரை நடத்திக்கொண்டு வந்தாள். கதவருகே ஈட்டியோடு ஒரு காவல்காரன். அவள் நின்றாள். அவன் ஏதாவது கேட்பான் என்று நின்றாள். எங்கே போறே, எப்ப வருவே, அதுவரைக்கும் கிழவியை யார் பார்த்துக்கொள்வது? அவன் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் வெளியே போனாள். புல்வெளி, அதற்கப்பால் ஆறு, அதற்கப்பால் காடு, காட்டுக்கு மேலே பனி பிடித்த மலை. எங்கே வேண்டுமானாலும் போகலாம். அன்றைக்குக் குக்கர் நாலு விசில் கூடுதலாக அடித்தது, குழம்புக்குப் போட்ட பருப்பு பாயசமாகிவிட்டது.

ஆரம்பத்தில் கௌரியம்மாள் திட்டினாள். "பொம்பளைக்கு இன்னா இது பொம்மை வெளையாட்டு?" என்றாள். ஒரு வாரம் போயிற்று. அப்புறம், "அந்தாண்ட ஒரு மண்டபம் தெரியுதே, அது இன்னா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு தாடிக்காரன் ஒற்றை ஆளில்லை. நடப்பது மருமகள், வழி சொல்வது மாமியார். இருவரும் சண்டைக்குப் போகவே மாட்டார்கள். ஓநாய் வந்தால் ஓடிவிடுவார்கள். பச்சிலை பறிப்பார்கள், சந்தையில் மீன் விலை கேட்பார்கள், யாரோ ஒரு பாட்டுக்காரன் பின்னாலேயே அடுத்த ஊர் வரை போவார்கள். விஷ்ணு இருபத்தாறு நாளில் முடித்த ஊரில் இவர்களுக்கு நாலு வருஷத்திலும் பார்க்காத பள்ளத்தாக்கு பாக்கி இருந்தது.

ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரன் உண்டு. கிட்டே போனால், "மழை வரும் போல. எங்கே போகணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்பான். சுஜாதா அதைத் தமிழில் சொல்வாள். அவன் கொண்டுபோய் விடுகிற இடங்கள் மூன்று, மூன்றின் பெயரும் வரிசையாகத் திரையில் வரும். ஒவ்வொரு தடவையும் கௌரியம்மாள் கட்டிலிலிருந்து, "நேத்தும் இதையேதானேடா சொன்னே? எங்கடா மழை?" என்பாள். படகுக்காரன்மீது அவளுக்கு அப்படி ஒரு பிரியம். பெற்ற பிள்ளை ஹேமநாதன்கூட அவளிடம் எங்கே போகணும் என்று கேட்டதில்லையே.

அந்த ஊருக்கும் ஒரு கதை உண்டு. ராஜா செத்துப்போனார். எட்டு வயசு இளவரசனை யாரோ ஒரு மாவு மில்லில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தொலைந்துபோன கிரீடத்தைக் கண்டுபிடித்துத் தலைநகரத்து மந்திரியிடம் கொடுத்தால், பையனுக்கு முடி சூட்டுவார்கள். கிரீடத்தை சுஜாதா ஐந்தாம் மாதமே ஒரு குகையில் எடுத்துவிட்டாள். எடுத்து மூன்றரை வருஷமாகத் தாடிக்காரனின் பையிலேயே வைத்திருக்கிறாள். கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்றால், அவளுக்குக் கூத்து தெரியும். அவள் நைனா மணவூர்ப் பக்கம் அம்மன் கோயில் கூத்துக் கமிட்டியில் இருந்தவர். பதினெட்டாம் நாள் விடியற்காலையில் பட்டாபிஷேகம். ராஜா தலையில் முடி ஏறும், மங்களம் பாடுவார்கள். வெயில் வருவதற்குள் பந்தல்காரன் கயிற்றை அவிழ்த்திருப்பான். ராஜா வேஷக்காரர் பம்ப்செட்டில் முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருப்பார். நேற்று வரை அரண்மனையும் காடும் இருந்த இடத்தில் பந்தக்கால் குழி மட்டும் இருக்கும். சின்ன வயசில் அந்தக் குழியைப் பார்த்து அவள் அழுதிருக்கிறாள். அந்தப் பையன் தலையில் முடி ஏறிவிட்டால் ஊர் அவ்வளவுதான், திரை கறுத்துவிடும், மிச்சம் இந்தச் சுவரும் கட்டிலும் டம்ளரும்தான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. விஷ்ணுவைக் கேட்டிருக்கலாம். முப்பத்தாறு வயசுப் பொம்பளை, இன்னும் அந்தக் கேமைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை மத்தியானம் விஷ்ணு போன் பண்ணினான். "அண்ணி, ஞாயித்துக்கிழமை வந்து கம்ப்யூட்டரை எடுத்துகினு போறேன். இங்க வேலைக்கு வேணும்."

"ஆங், வா," என்றாள் சுஜாதா. வேறென்ன சொல்வது? பொருள் அவனுடையது. போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். நாலு வருஷத்தில் தலைவலி, காய்ச்சல், புருஷனோடு சண்டை எதற்கும் அவள் அப்படி அழுததில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கிழவியைக் கம்ப்யூட்டர்ப் பக்கம் திருப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப இன்னிக்கு முடியைக் குடுத்துடு," என்றாள் கௌரியம்மாள்.

"வேணாம் அத்தை. இன்னும் ரெண்டு நாள் இருக்குதில்ல. அந்தப் பனிமலை அந்தாண்ட போயி பாக்கலாம்."

"மலையும் வேணாம் மசுரும் வேணாம். முடியைக் குடு."

"குடுத்தா முடிஞ்சிடும் அத்தை."

"முடியட்டும். அதுக்குத்தான் சொல்றேன்." கௌரியம்மாள் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலம் இல்லை, ஆனால் விடவும் இல்லை. "எங்க திருவாலங்காட்டுல கூத்துக்குக் காப்புக் கட்டிட்டா, ஊர்ல ஒருத்தர் எல்லை தாண்டக் கூடாது. பொண்ணைக் கட்டிக் குடுத்த எடத்துல சாவுன்னாலும் ராத்திரிக்குள்ள திரும்பிடணும். முடி சூட்டி, காப்பை அவுத்தாத்தான் ஆளு வெளிய போவலாம். நீ இன்னா பண்ணி வெச்சிருக்கே? நாலு வருசமா காப்பைக் கட்டிட்டு, ஆட்டத்தை முடிக்காம வெச்சிருக்கே. அதான் நீயும் வாசலைத் தாண்டல. நானும் தாண்டல."

"இது கூத்து இல்ல அத்தை, கம்ப்யூட்டரு."

"எல்லாம் ஒண்ணுதான். எனக்கு நேரம் வந்து எத்தினியோ நாளாச்சு சுஜாதா. உசுரு எல்லையில வந்து நின்னுகினு இருக்குது. அவுத்து உடும்மா."

மாமியார் எந்த எல்லையைச் சொல்கிறாள் என்று அப்போதுதான் சுஜாதாவுக்கு உறைத்தது. சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை என்று அவள் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண மாட்டாள். மலம் அள்ளுகிற காலைகளில் நினைத்திருக்கிறாள். ஆனால் கிழவியும் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் இரண்டு பேரும் ஒரே ஆற்றங்கரையில் ஒன்றாக உலாத்துகிறோம் என்றல்லவா இருந்தாள்.

தாடிக்காரனை மில்லுக்கு நடத்திப் பையனைக் கூட்டிக்கொண்டு, தலைநகரத்துக்குப் போனாள். மந்திரியிடம் கிரீடத்தைக் கொடுத்தாள். பெரிய மண்டபம், விளக்கு, கொம்பு ஊதுகிறார்கள். பையனுடைய தலைக்கு அந்தக் கிரீடம் பெரிசு, காது வரை இறங்கிவிட்டது. கௌரியம்மாள் படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பினாள். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போயிற்று.

திரை கறுத்தது. வாத்தியம் முழங்க, யார் யார் பெயரெல்லாமோ கீழிருந்து மேலே ஏறின.

"போதும். என்னைத் திருப்பி உடு," என்றாள் கௌரியம்மாள்.

சுஜாதா அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். கம்ப்யூட்டருக்குத் திரும்பினால், பெயர்கள் நின்றுவிட்டிருந்தன. திரை வெளுத்தது. கோட்டைக் கதவு. ஈட்டிக் காவல்காரன். புல்வெளி, ஆறு, காடு, பனிமலை. குருவி ஒன்று கத்தியது. ஊர் அப்படியே இருந்தது. ஒரு கயிறுகூட அவிழவில்லை.

அடிப்பாவி சுஜாதா, இதற்கா மூன்றரை வருஷம் பயந்து செத்தே!

"முடிஞ்சுதா?" என்றது சுவர்ப் பக்கத்திலிருந்து குரல்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த முதுகைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் அந்த முதுகு அவ்வளவு தளர்ந்து, நிம்மதியாகக் கிடந்து அவள் பார்த்ததில்லை. இதற்கும் முடிவில்லை என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டிச் சத்தத்தை அடக்கினாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"முடிஞ்சுது அத்தை. மங்களம் பாடிட்டாங்க."

"நல்லது," என்றாள் கௌரியம்மாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி விஷ்ணு போன். "அண்ணி, ஆபீஸ்லயே லேப்டாப் குடுத்துட்டாங்க. அது அங்கயே கெடக்கட்டும், எனக்கு வேணாம்." இந்தப் புண்ணியவான் இதை வியாழக்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா!

அப்படியாகக் கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருந்தது. இருந்து என்ன பிரயோசனம்? முடிந்துவிட்டது என்று சொன்ன வாயால் எப்படி மறுபடி அதைப் போடுவது? புருஷனுடைய பழைய பொதட்டூர்பேட்டை லுங்கியால் சுஜாதா அதை மூடி வைத்தாள். நாலு அடி தூரத்தில் ஆறும் காடும் மலையும் லுங்கிக்குள் கிடந்தன, அவள் கதவில்லாத அறையில் கிடப்பதுபோல நடமாடினாள். பெருக்கினாள், துவைத்தாள், ஜன்னலில் நின்று மலையில் ஏறுகிறவர்களை எண்ணினாள். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ணினாள்.

கௌரியம்மாளோ திட்டுவதையே விட்டுவிட்டாள். காபி ஆறியிருந்தாலும் குடித்தாள். கம்ப்யூட்டர்ப் பக்கம் திருப்பப் போனால், "செவுத்துப் பக்கமே இருக்கட்டும்" என்றாள். அப்படி விட முடியாது, புண் வந்துவிடும் என்று திருப்பினால் கண்ணை மூடிக்கொண்டாள். சோறு பாதியாயிற்று, பாதி கால் ஆயிற்று. அப்புறம் இரண்டு வாய் கஞ்சி. ஹேமநாதன் பார்த்துவிட்டு, "வயசாச்சில்ல" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனான்.

காப்பை அவிழ்த்துவிட்டது சுஜாதா அல்லவா? பொய் சொல்லி அவிழ்த்துவிட்டாளே. கிழவி எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள், ஒரு சொல் சொன்னால் திரும்பி வந்துவிடுவாளோ என்னவோ, அந்தச் சொல்லைச் சொல்லவும் பயம். சொன்னால், நிம்மதியாகப் போகிறவளை இழுத்துப் பிடித்த பாவம். சொல்லாவிட்டால், கொன்ற பாவம். டம்ளர் தட்டுகிற சத்தம் கேட்காதா என்று ஏங்கினாள். நாலு வருஷம் அந்தச் சத்தத்தைச் சபித்தவள்!

முடி சூட்டியதிலிருந்து இருபத்துமூன்றாம் நாள் மத்தியானம். கௌரியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சுஜாதா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"சுஜாதா."

"இன்னா அத்தை?"

"அந்தப் படகுக்காரன் இப்ப இன்னா பண்ணிகினு இருப்பான்?"

சுஜாதாவின் கை நின்றது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றிவிட்டது. "அங்கயேதான் நின்னுகினு இருப்பான் அத்தை. முடியல. எதுவுமே முடியல. முடி சூட்டின பெறகும் ஊரு அப்படியே இருந்துது. நான்தான் பொய் சொன்னேன்," என்று கீரைக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தெரியும்."

"இன்னாது?"

"மொகந்தான் செவுத்தப் பாத்துகினு இருந்துது. காதுமா பாத்துகினு இருந்துது? குருவி கத்திச்சு. அப்புறந்தான் நீ சத்தத்தை அமுக்கினே."

"அப்ப ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"நீ முடிஞ்சுதுன்னு சொன்னே. சரி, இவளுக்கும் போதும்னு ஆயிடுச்சு, வாயால சொல்ல முடியாம இப்படிச் சொல்றான்னு நெனச்சேன். எத்தினி நாளு என்னைத் திருப்பிப் போட்டுகினு குந்தியிருப்பே? அதான், நாமளா கெளம்பிடலாம்னு பாத்தேன். சோத்தைக் கொறைச்சா கெளம்பிடலாம்னு பாத்தேன். முடியல சுஜாதா. பசிக்குது."

சுஜாதா அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் எழுந்துவிட்டாள். சோற்றைக் குழையப் பிசைந்து ரசம் ஊற்றிக் கொண்டுவந்து, ஒரு கிண்ணம் முழுக்க ஊட்டினாள். கௌரியம்மாள் நடுவில் ஒரு தடவை, "உப்பு பத்தல" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு மருமகளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது.

வாயைத் துடைத்துவிட்டு, லுங்கியை உருவி எறிந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கோட்டைக் கதவு வழியாக, காவல்காரனைத் தாண்டி, புல்வெளியில் இறங்கி ஆற்றங்கரைக்கு ஓடினாள். படகுக்காரன் நின்றிருந்தான்.

"மழை வரும் போல. எங்கே போகணும்?" என்று மொழிபெயர்த்துச் சொன்னாள் சுஜாதா.

"இத்தினி நாளும் இதையேதான் சொல்லிகினு இருந்தியாடா?" என்றாள் கௌரியம்மாள், சுவரைப் பார்த்தபடி.

திரையில் இடங்களின் பெயர்கள் வந்தன. சுஜாதா குனிந்து பார்த்தாள். மறுபடி எண்ணினாள். நாலு வருஷமாக மூன்றே பெயர் இருந்த இடத்தில் நாலு இருந்தது.

"அத்தை, புதுசா ஒரு எடம் வந்துருக்குது. கடல்னு போட்டிருக்குது."

கிழவி, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "காப்பு அவுத்தாச்சில்ல," என்றாள். "அதான் எல்லை தெறந்துகிச்சு."

படகுக்காரன் காத்துக்கொண்டு நின்றான். சுஜாதாவின் விரல் மவுஸின் மேல் இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக மலையில் நாதஸ்வரம் கேட்டது.

"இரு, போயிடாத," என்று டம்ளரால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினாள் கௌரியம்மாள். "நான் கடலைப் பாத்து முப்பது வருசம் ஆவுது. மொதல்ல என்னைத் திருப்பு."

சுஜாதா எழுந்து வந்து, ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் அடியில் கொடுத்து, மெதுவாகத் திருப்பினாள். சுவரைப் பார்த்துக் கிடக்க வேண்டிய நேரத்தில் இன்னும் முக்கால் மணி பாக்கி இருந்தது.